தானாக மாறாத பக்கம்

அம்மா இன்றைக்கு ஏதோ கேட்கப் போகிறாள் என்பது முட்டைப் பொரியலைப் பார்த்ததுமே நிலூஷாவுக்குத் தெரிந்துவிட்டது. வேலை நாட்களில் காலைக்குப் பாண் ரொட்டியும் பருப்பும்தான். வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து போட்டு அம்மா டொரதி முட்டை பொரித்திருந்தாள் என்றால், அவள் மனதில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்று அர்த்தம்.

அது என்ன வேண்டுகோள் என்பதும் நிலூஷாவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் இதே அம்பிட்டிய வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நடந்தது இன்னும் ஆறவில்லை. தம்பி ரொனியும் அவன் மனைவி பிரேமிளாவும் கடுகண்ணாவையிலிருந்து வந்திருந்தார்கள். ரொனி வேலை செய்வது ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனியில். அந்தக் கொம்பனி தன்னுடைய சிஸ்டத்தை நிலூஷா வேலை செய்யும் இடத்துக்கு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சோறு பரிமாறிக்கொண்டே டொரதி அந்தப் பேச்சை எடுத்தாள். கந்தோர் வேலை விஷயம் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம் என்றாள் நிலூஷா. அவள் சொன்ன விதம் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. ரொனி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பிரேமிளாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதன் பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. இன்று வியாழக்கிழமை. ரொனி தன் சிஸ்டத்தை அக்காவின் கந்தோரில் இயக்கிக் காட்ட வரும் நாள்.

டொரதி கதிரையை இழுத்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்டியில் ரொனி வேலை பார்த்த கடை மூடிய பிறகு அவன் வீட்டில் சும்மா இருந்த மாதங்களைப் பற்றிச் சொன்னாள். அந்த நாட்களில் அவன் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டானாம். இந்த வேலை கிடைத்த பிறகுதான் பழையபடி சிரிக்கிறானாம். இந்த மாதத்தோடு அவனுடைய சோதனைக் காலம் முடிகிறது. இதுவரை அவன் ஒன்றைக்கூட விற்கவில்லை.

"நான் ஒன்ன பொய் சொல்லச் சொல்லல" என்றாள் டொரதி. "ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, தம்பி பக்கம் கொஞ்சம் சாஞ்சா என்ன கொறஞ்சு போயிரும்?"

"நான் மார்க்ஸ் போடலம்மா. அவன் என் தம்பின்னு மனேஜர் அரூஸ் சேர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

"யாரும் கேக்காமலா?"

"கேக்காமதான்."

டொரதி எழுந்து போய்ச் சட்டியைக் கழுவத் தொடங்கினாள். அவள் திட்டியிருந்தால் நிலூஷாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே அந்த முட்டையைத் தின்று முடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

வேலைக்குப் போகும் பல்லேகலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மகாவலி பாலத்தைத் தாண்டும்போது அவள் தனக்குத்தானே ஒன்றை ஒப்புக்கொண்டாள். அம்மா கேட்டதைத்தான் அவளும் விரும்பினாள். ரொனியின் சிஸ்டம் உண்மையாகவே நல்லதாக இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி.

நிலூஷாவின் கொம்பனி சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் பல் வைத்தியர்களுக்கும் கிருமி நீக்கும் இயந்திரங்கள் செய்கிறது. கத்தி, கத்தரிக்கோல், ஊசி எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினால் கொதிக்கும் ஆவி கிருமியைக் கொல்லும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில் அதை இயக்கும் விதம் சொல்லும் ஒரு பாவனைக் கைநூல் உண்டு. அவற்றை எழுதும் பிரிவுக்கு நிலூஷாதான் பொறுப்பு.

கைநூல்கள் எல்லாம் தனித்தனிக் கோப்புகளாகக் கம்பியூட்டரில் கிடந்தன. ஒரே எச்சரிக்கை எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவானது. ஆனால் ஒவ்வொரு கோப்பிலும் அதைத் தனியாகத் திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் திருத்திவிட்டுத் தமிழை மறந்துபோனால் மறந்ததுதான். யாரும் வந்து தட்டிச் சொல்லப் போவதில்லை.

போன மழைக்காலத்தில் அதுதான் நடந்தது. ஆவி அடங்குவதற்குக் காத்திருக்க வேண்டிய நேரத்தை எஞ்சினியர்கள் கூட்டியிருந்தார்கள். ஆங்கிலக் கைநூல் மாறியது. தமிழ்க் கைநூல் மாறவில்லை. அலவத்துகொடயில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை செய்யும் பஸ்லினா என்ற தாதி, தமிழில் எழுதியிருந்தபடியே காத்திருந்து, எழுதியிருந்தபடியே கதவைத் திறந்தாள். உள்ளே மிச்சமிருந்த ஆவி அவளுடைய முன்கையைப் பொசுக்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மனேஜர் அரூஸ் இந்தக் கோப்பு வேலையே இனி வேண்டாம் என்று முடிவெடுத்தார். கைநூல்களைத் துண்டு துண்டாக எழுதி வைக்கும் ஒரு சிஸ்டம் வேண்டும். பொதுவான எச்சரிக்கை ஒரே இடத்தில் இருக்க, எல்லாக் கைநூல்களும் அதை அங்கிருந்தே எடுக்க வேண்டும். ஒரு மொழியில் மாற்றினால் மற்ற இரண்டு மொழியும் பழையதாகிவிட்டது என்று சிஸ்டமே சொல்ல வேண்டும். சொல்வதோடு நிற்காமல், சரிபார்க்கும்வரை அந்தக் கைநூலை வெளியே விடாமல் பிடித்து வைக்கவும் வேண்டும்.

பல சிஸ்டங்களைப் பார்த்துக் கழித்து, கடைசியில் இரண்டு மிஞ்சியிருந்தன. தம்பி விஷயத்தை நிலூஷா எழுதிக் கொடுத்தபோது அரூஸ் அதை வாசித்துவிட்டு, மார்க்ஸ் போடுவதை அவரும் மொழிபெயர்ப்பாளர் ஸுமைராவும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் சோதனையை நிலூஷாதான் எழுத வேண்டும், அவளைவிட இந்த வேலை தெரிந்தவர் இங்கே இல்லை என்றும் சொன்னார்.

முதலாவது சிஸ்டத்தைச் செவ்வாய்க்கிழமை பார்த்தாயிற்று. அதன் திரை ஒரு அரசாங்கக் கந்தோர் படிவம் மாதிரி வறண்டு கிடந்தது. ஒரு வரி எழுதுவதற்கு முன் அது செய்முறையா, எச்சரிக்கையா, விளக்கமா என்று கேட்டது. இப்படி ஒவ்வொரு வரிக்கும் கேட்டு உயிரை வாங்கினால் எப்போது எழுதி முடிப்பது என்று ஸுமைரா அலுத்துக்கொண்டாள். ஆனால் நிலூஷா எழுதிய சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிட்டது.

இன்று ரொனியின் முறை.

கூட்ட அறைக்குள் நிலூஷா போனபோது பஸ்லினா அங்கே உட்கார்ந்திருந்தாள். கைநூலைப் பாவிக்கிற ஒருவரும் பார்க்கட்டும் என்று அரூஸ்தான் அழைத்திருந்தார். இதற்காகக் கிளினிக்கில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தன்னையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டதற்கு அவள் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்க நிலூஷாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ரொனி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். அக்காவைப் பார்த்து "குட் மோர்னிங் மிஸ்" என்றான். அவளும் "குட் மோர்னிங்" என்றாள். சுவரிலிருந்த பெரிய திரையின் மூலையில் கொழும்பிலிருந்து அவனுடைய மனேஜர் அகீலின் முகம் தெரிந்தது.

ரொனி நன்றாகப் பேசினான். நிலூஷா எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பேசினான். அவனுடைய சிஸ்டம் பார்க்க அழகாக இருந்தது. சாதாரணமாகத் தட்டச்சு செய்வதுபோல எழுதிக்கொண்டே போகலாம். படங்கள் இழுத்த இடத்தில் உட்கார்ந்தன. ஒரு சொல்லைத் தேடினால் கண் மூடித் திறப்பதற்குள் கிடைத்தது. ஸுமைரா முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சோதனை. இன்னின்ன செய்து காட்ட வேண்டும் என்று இரண்டு கொம்பனிகளுக்கும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். ரொனி ஆங்கில எச்சரிக்கையில் காத்திருக்கும் நேரத்தை மாற்றினான். சேமித்தான். பிறகு அதே எச்சரிக்கையின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தான். பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புப் பட்டி. 'ஆங்கிலப் பிரதி மாறியுள்ளது. சரிபார்க்கவும்.'

அரூஸ் திருப்தியோடு தலையாட்டினார். நிலூஷாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அம்மாவுக்கு இப்போதே போன் எடுத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் ஒன்று உறுத்தியது. ஆங்கிலத்தை மாற்றுவதற்கு முன் ரொனி தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டவில்லை.

ஒரு கேள்வி போதும். வேறொரு எச்சரிக்கையை எடுத்து மாற்றிக் காட்டுங்கள் என்று அவள் சொல்லலாம். சொல்ல வேண்டியவளும் அவள்தான். நிலூஷா வாயைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் பாதியில் விட்டு எழுந்த தட்டு கண்முன் வந்தது. கேட்காமலே வாயை மூடிக்கொண்டாள்.

"தம்பி" என்று பஸ்லினா கூப்பிட்டாள். திரையைக் காட்டுவதற்காகக் கையை நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைவரை தோல் சுருங்கி, நிறம் மாறிக் கிடந்தது. "நான் வெளங்காமத்தான் கேக்கிறேன், குறை நெனைக்காதீங்க. அந்தச் செவப்புப் பட்டி இப்ப வந்ததா, முந்தியே ஈந்ததா?"

திரையிலிருந்து அகீல் முந்திக்கொண்டார். "சிஸ்டம் அதத் தானாவே பாத்துக்கும் மிஸ்."

பஸ்லினா சரி என்பதுபோலச் சிரித்தாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது ரொனியை. அவன் சொன்னால் நம்பத் தயாராக இருந்த முகம் அது.

ரொனி மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"இல்ல மிஸ்" என்றான். "முந்தியே இருந்துச்சு. நேத்து நான்தான் அத அந்தப் பக்கத்துல எழுதி வச்சேன்."

அகீல் ஏதோ சொல்லத் தொடங்கினார். ரொனி நிறுத்தவில்லை, இப்போது நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவன்போல வேகமாகப் பேசினான். கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் செய்திப் பக்கம், விலைப் பக்கம் போட இது அருமையான சிஸ்டம். ஆனால் இதில் ஒவ்வொரு பக்கமும் தனிப் பக்கம். ஒன்று மாறினது மற்றதுக்குத் தெரியாது. அவன் இன்னொரு எச்சரிக்கையை எடுத்து ஆங்கிலத்தில் மாற்றினான். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தான். பட்டி எதுவும் இல்லை. பழைய நேரம் பழையபடியே இருந்தது.

"ஒங்க வேலைக்கு இது சரி வராது சேர்" என்று அரூஸிடம் சொன்னான்.

திரையின் மூலையில் அகீலின் முகம் இருந்த இடம் கறுப்பாகிவிட்டது.

ரொனி லெப்டொப்பை மூடி வயரைச் சுற்றினான். வயர் இரண்டு தரம் நழுவியது. அரூஸ் எழுந்து வந்து அவனுக்குக் கை கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார். ரொனி மறுத்துவிட்டான். கதவருகில் பஸ்லினா அவனை நிறுத்தினாள்.

"நல்லா ஈக்கணும் நீங்க" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான். அக்காவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை பார்த்த சிஸ்டத்துக்கே அரூஸும் ஸுமைராவும் கையெழுத்து வைத்தார்கள். அது கேட்கிறதைக் கேட்டுவிட்டுப் போகட்டும், நான் பதில் சொல்லிப் பழகிக்கொள்கிறேன் என்றாள் ஸுமைரா. எழுதும் முறை முழுவதையும் அவர்கள் புதிதாகப் படிக்க வேண்டும். பழைய கைநூல்களை வெட்டித் துண்டுகளாக்கி ஏற்றவே மாதக்கணக்கில் ஆகும். யாரும் அதைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

அரூஸ் நிலூஷாவைத் தனியாக அழைத்தார். சோதனையை இவ்வளவு கவனமாக எழுதியதற்கும், தம்பி விஷயத்தை முதலிலேயே சொன்னதற்கும் நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. அது போய்ச் சேர வேண்டிய ஆள் வேறு என்று மட்டும் சொல்லி, அரைநாள் லீவு கேட்டாள்.

ரொனியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கண்டி பஸ் நிலையத்தில் கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவுக்கு அழைத்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"நிலூ" என்றது டொரதியின் குரல். "காலைல நான் ஒன்கிட்ட கேட்டத அவன்கிட்ட சொல்லிறாத."

"சொல்லலம்மா."

"அப்பா இருந்திருந்தா இன்னைக்கு அவனக் கூட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருப்பாரு."

டொரதி போனை வைத்துவிட்டாள். நிலூஷா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேராதனை தாண்டும்வரை அப்படியே இருந்தாள்.

ரொனி வாடகைக்கு இருக்கும் வீடு ரயில் பாதைக்கு மேலே, படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. பிரேமிளா கதவைத் திறந்தாள். அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. ஆனால் மதினியைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டாரு அக்கா" என்றாள். "எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அப்புறம் அந்த மிஸ்ஸோட கையப் பத்திச் சொன்னாரு. என்னால கோவப்பட முடியல."

ரொனி பின்பக்கம் இருந்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நிலத்தில் பேப்பர் விரித்து ஒரு பெரிய பலாக்காயை வெட்டிக்கொண்டிருந்தான். பால் ஒட்டாமலிருக்கக் கையெல்லாம் தேங்காய் எண்ணெய். அக்காவைக் கண்டதும் எழப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு ஒரு வாங்கை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள்.

"நானும் சாப்பாட்டுல எந்திரிச்சிருக்கக் கூடாது."

கீழே ஒரு ரயில் ஏற்றத்தில் மெதுவாகப் போனது. அது போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"ரொனி, நான் பாத்தேன். நீ தமிழ்ப் பக்கத்த முன்னாடி தெறந்து காட்டலன்னு பாத்தேன். கேட்டிருக்கணும். கேக்கல."

"தெரியும். ஒன் மொகத்தப் பாத்தேன்."

"அதனாலயா சொன்ன?"

ரொனி கத்தியைக் கீழே வைத்தான். யோசித்துத்தான் பதில் சொன்னான்.

"இல்லக்கா. அந்த மிஸ் கேட்ட விதத்துலதான். அவங்க சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருப்பேன். அகீல் சேர் சொல்லிக் குடுத்த பதில் நாக்கு நுனிலயே இருந்துச்சு. ஆனா அவங்க என்ன நம்பிக் கேட்டாங்க."

நிலூஷா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில்லாத மாதங்களில் குனிந்தே இருந்த தலை அது. இப்போது நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறது. நாளை மறுபடி வேலையில்லாமல் போகலாம் என்று தெரிந்தும் பேசுகிறது.

அவர்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. சொல்வதென்றால் யாரோ வெளியாளிடம் சொல்வதுபோல இருக்கும். ஆனாலும் இன்றைக்கு அதைச் சொல்லாமல் இந்தப் படிக்கட்டில் இறங்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது.

"ரொம்ப நன்றிடா" என்றாள். "நான் செய்ய வேண்டியதையும் சேத்து நீ செஞ்சுட்ட."

ரொனிக்குக் காது சிவந்தது. பலாச்சுளைத் துண்டு ஒன்றை அவள் பக்கம் தள்ளினான். சும்மா உட்கார்ந்திருக்காமல் கொட்டையைப் பிரிக்கச் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே எண்ணெய்ப் போத்தலை எடுக்கக் கை நீட்டினாள்.

உள்ளே பிரேமிளா அவனுடைய போனைச் சார்ஜில் போட்டு, மெதுவாக உயிர்ப்பித்திருக்க வேண்டும். அது அடிக்கத் தொடங்கியது. அவள் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். திரையில் அகீலின் பெயர்.

ரொனி எண்ணெயும் பாலுமாக இருந்த தன் கைகளைப் பார்த்தான். நிலூஷா போனை வாங்கி அவன் காதில் வைத்துப் பிடித்தாள். அந்தப் பக்கம் பேசுவது முணுமுணுப்பாகத்தான் கேட்டது. கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சொல்லுங்க சேர்" என்றான் ரொனி.

நீண்ட முணுமுணுப்பு.

"ஆமா சேர். நான்தான் சொன்னேன்... இல்ல சேர், யாரும் சொல்லச் சொல்லல."

மறுபடி முணுமுணுப்பு. ரொனி சட்டென்று அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா சேர். அந்த டெஸ்ட எழுதினவங்கதான். என் சொந்த அக்கா."

பிரேமிளா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொனி இரண்டு முறை "சரி சேர்" என்றான். மூன்றாவது முறை சொல்லும்போது குரலில் ஒரு குழப்பம் இருந்தது. லைன் துண்டிக்கப்பட்ட பிறகும் நிலூஷா போனை அவன் காதிலிருந்து எடுக்க மறந்திருந்தாள்.

"வேல போயிருச்சா?" என்று கேட்டாள் பிரேமிளா.

"அதப் பத்தி ஒன்னுமே சொல்லல. நாளைக்குக் கொழும்புக்கு வரச் சொன்னாரு. பெரிய முதலாளியும் இருப்பாராம்."

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"ஒன்னையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு. இந்த மாதிரி வேலைக்குச் சிஸ்டம் எப்படி இருக்கணும்னு ஒன்கிட்ட கேக்கணுமாம்."